ஃபார்மட் அடித்த கதை

"டேய், இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லையாம்டா" என்றார் அப்பா போனில். குரலில் கோபம். முப்பத்தைந்து வருடம் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். தகுதி இருக்கிறதா இல்லையா என்பதை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிப் பழக்கம்.

விஷயம் இதுதான். அப்பாவின் கணினியை ஓட்டும் ஓஎஸ், அதாவது இயங்குதளம், விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். கும்பகோணம் வீட்டில் அப்பாவின் மேஜைக்கடியில் இருப்பது 2016இல் நான் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து கொடுத்த ஆறாம் தலைமுறை ஐ3. எட்டு ஜிபி ராம், பின்னால் சேர்த்த ஒரு எஸ்எஸ்டி. பட்டனை அமுக்கினால் இருபது நொடியில் கிளம்பிவிடும். நோய் நொடி கிடையாது. ஆனாலும் தகுதி இல்லை. இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். அடுத்த அக்டோபரில் அதே போன் மறுபடி வரும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"தீபாவளிக்கு வரும்போது வேற ஓஎஸ் போட்டுத் தர்றேம்பா" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "போன தடவை மாதிரி ஆக்கிடாதே" என்றார்.

போன தடவை என்று அவர் சொன்னது 2006ஐ. இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டுக் கணினிகளில் நான் குறைந்தது ஆறு முறையாவது ஓஎஸ் மாற்றியிருப்பேன். அதெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை.

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தது 2002இல். 128 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், பதினைந்து அங்குல சிஆர்டி மானிட்டர், அதற்கு அம்மா பழைய பட்டுப்புடவையில் தைத்துப் போட்ட உறை. ஆயுத பூஜைக்கு சிபியுவின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சிடி டிரைவின் கதவு மேல் வைத்த பொட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கடைக்காரரே விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹேங் ஆக ஆரம்பிக்கும். அதற்கு ஊரில் எல்லாரும் செய்த ஒரே வைத்தியம் ஃபார்மட் அடிப்பது. ஒரே ஹார்டு டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அதில் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப ஓஎஸ் போடுவார்கள். டி டிரைவைத் தொட மாட்டார்கள். முக்கியமானது எதுவானாலும் டி டிரைவில் வை, சி போனாலும் டி போகாது. இது எங்கள் தெருவின் வேதவாக்கு.

அந்த டி டிரைவில்தான் அப்பாவின் பாட்டுகள் இருந்தன. அவர் பாடுகிறவர் இல்லை. சுற்று வட்டாரக் கிராமங்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த பெண்களைத் தேடிப் போய், பாடச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். இருபது வருடச் சேகரம். கணினி வந்த பிறகு ஒவ்வொரு நோட்டாகத் தட்டச்சு செய்து, முடித்த நோட்டைப் பரணில் போட்டார். பரணில் இருந்ததைக் கரையான் தின்றது. ஆக, அசல் எல்லாம் டி டிரைவில் மட்டும் என்று ஆனது.

அவர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். இளவயதில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். "யளனகப" என்று இடது கை விரல்கள் தாமாகவே போய் உட்காரும். பாமினியின் விசை வரிசை கிட்டத்தட்ட அதே தட்டச்சுப் பொறி வரிசைதான் என்பதால் அவருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும், அவ்வளவே. எழுத்துருவை மாற்றினால் "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அம்மணமாக நிற்கும்.

2006இல் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, லினக்ஸ் வகை இலவச ஓஎஸ். அந்த உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஷிப்இட் என்று பெயர். (2011இல் அதை நிறுத்திவிட்டார்கள்.) முகவரி கொடுத்தால் போதும், காசு கிடையாது. எனக்கு வந்தது 6.06 பதிப்பு. உபுண்டுவில் பதிப்பு எண் என்பது வெளியான வருடமும் மாதமும்தான். அந்தப் பதிப்பு ஏப்ரலில் 6.04 ஆக வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போய் ஜூனில் 6.06 ஆனது. தபால்காரர் வெளிநாட்டு உறையைக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன என்று பிரித்துக் காட்டச் சொன்னார். அட்டை உறையில் ஒரு சிடி. "பாட்டா?" என்றார். இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

சிடியைப் போட்டதும் திரை முழுக்கப் பழுப்பு நிறம். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கணினியை நான் அதுவரை பார்த்ததில்லை. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன், பிடித்துப்போயிற்று. டெஸ்க்டாப்பிலேயே நிறுவுவதற்கு ஒரு ஐகான் இருந்தது. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஓரிடத்தில், முழு வட்டையும் அழிக்கவா என்று கேட்டது. பக்கத்தில் எச்டிஏ என்று எழுதியிருந்தது. லினக்ஸில் எச்டிஏ என்றால் முதல் ஹார்டு டிஸ்க் முழுவதும். அதற்குள் இருக்கும் பிரிவுகளுக்குத்தான் எச்டிஏ1, எச்டிஏ5 என்று எண் போடுவார்கள். எனக்கு இது அப்போது தெரியாது. எச்டிஏ என்பது சி டிரைவ், எச்டிபி என்பது டி டிரைவ் என்று நானாக ஒரு அகராதி வைத்திருந்தேன். சி டிரைவ்தானே, அழியட்டும். சரி என்று அமுக்கினேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. புது ஓஎஸ் மேளச் சத்தத்தோடு எழுந்து நின்றது. டி டிரைவைத் தேடினேன். கோப்பு உலாவியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். 40 ஜிபியும் ஒரே துண்டாகக் கிடந்தது.

அப்பா அப்போது பள்ளியில் இருந்தார். சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை காத்திருந்து சொன்னேன். திட்டவில்லை. "எல்லாமேவா?" என்று மட்டும் கேட்டார். பாடிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதையும் அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

செய்ததில் நல்ல காரியம் ஒன்றே ஒன்று. பயத்தில் கணினியை உடனே அணைத்துவிட்டேன். அழிந்த கோப்பு உண்மையில் வட்டை விட்டுப் போய்விடுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகிறது. வேறு எதையாவது அதே இடத்தில் எழுதும்வரை பழையது அப்படியே கிடக்கும். இதைச் சொன்னவன் என் வகுப்புத் தோழன். மறுநாள் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, சைக்கிளில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறைக் காலத்து வட்டு. பின்பக்கம் இருக்கும் குட்டி ஜம்பரை நகத்தால் பிடுங்கி மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்கு, அதாவது முதல் வட்டு என்பதிலிருந்து இரண்டாம் வட்டு என்று, மாற்றிச் செருக வேண்டும். கை நடுங்கி அது இரண்டு முறை கீழே விழுந்தது. கடுகு அளவுதான் இருக்கும். தரையில் தவழ்ந்து தேடினோம்.

அவனிடம் நாப்பிக்ஸ் சிடி இருந்தது. கிளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய, நிறுவாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ். அதிலிருந்து ஃபோட்டோரெக் என்ற நிரலை ஓட விட்டோம். பெயர்தான் ஃபோட்டோ. வேர்டு கோப்பையும் எடுக்கும். அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல் வட்டை முதலிலிருந்து கடைசிவரை முகர்ந்துகொண்டே போய், எங்கெல்லாம் ஒரு கோப்பின் தலைப்பகுதி போலத் தெரிகிறதோ அங்கிருந்து அள்ளிக்கொள்ளும். இரவு முழுக்க ஓடியது. காலையில் ஆயிரக்கணக்கில் கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை. அட்டவணையோடு பெயரும் போய்விட்டதல்லவா. எஃப் என்ற எழுத்து, அதன் பின்னால் ஒரு நீண்ட எண். அவ்வளவுதான் அடையாளம். அதில் முக்கால்வாசி இணையப் பக்கங்களின் குட்டிப் படங்கள்.

இதில் அப்பாவுடையது எது? ஒப்பாரி என்றால் அதில் எப்படியும் அம்மா வருவாள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஐந்து குறிகளையும் வரிசையாக எந்தக் கோப்பில் பார்த்தாலும் எடுத்துக் காட்டு என்று கிரெப் கட்டளையில் கொடுத்தோம். ஒன்று வந்தது. இன்னொன்று. அப்புறம் கொத்தாக நாற்பது. "தாயே" போட்டுத் தேடியதில் இன்னும் சில, "நாத்து" போட்டதில் நடவுப் பாட்டுகள். மொத்தம் அறுபத்தோரு கோப்புகள் தேறின. எண்பதுக்கு மேல் இருந்ததாக அப்பாவின் கணக்கு. மற்றவற்றின் மேல் உபுண்டு உட்கார்ந்துவிட்டது.

மாலையில் அப்பா நேராக நண்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். நாப்பிக்ஸில் பாமினி எழுத்துரு இல்லை. திரை முழுக்க அரைப்புள்ளியும் ஆங்கிலச் சின்ன எழுத்துமாகக் குப்பை. எழுத்துருவைத் தேடி எடுத்து நிறுவும்வரை பொறுங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேஜை விளிம்பில் வைத்தார். திரையில் ஓர் எழுத்தைப் பார்ப்பார், மேஜையில் ஒரு விரல் அமுங்கும். அந்த விரலுக்கு என்ன எழுத்தோ அதை வாயால் சொல்வார். முதலில் எழுத்து எழுத்தாக. ஐந்து நிமிடம் போனதும் சொல் சொல்லாக. கொஞ்ச நேரத்தில் பாட்டாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நண்பனின் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, யார் வீட்டில் என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டார். ஒப்பாரி அல்லவா.

அந்த அறுபத்தொன்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்ற 2009இல் உட்கார்ந்தேன். அதற்குள் நான் சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்திருந்தேன். நானே பெர்ல் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மேலோட்டமாகப் பார்த்தால் இந்த எழுத்துக்குப் பதில் அந்த எழுத்து என்று மாற்றினால் முடிந்தது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பவை. "கெ" என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை, க முதலில், கொம்பு பின்னால். "கொ" என்றால் முன்னாலிருக்கும் கொம்பையும் பின்னாலிருக்கும் காலையும் பிடித்து ஒன்றாக்கி க-வுக்குப் பின்னால் வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு மாலை வேலை.

மாட்டிக்கொண்டது ஔகாரத்தில். "கௌ" என்பதில் வலப்பக்கம் இருக்கும் குறியும் ளகரமும் பார்க்க ஒன்றுதான். பாமினியில் இரண்டுக்கும் விசையும் ஒன்றே. என் நிரல் கொம்பு, மெய், ள என்று எங்கே பார்த்தாலும் ஔகாரமாக்கியது. முதல் பிரதியை அச்சடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திரும்பி வந்தது. வெள்ளி இருந்த இடத்திலெல்லாம் "வௌ்ளி". "இப்படி ஒரு எழுத்து தமிழில் எந்தக் காலத்திலும் கிடையாது" என்று ஓரத்தில் குறிப்பு. (இணையத்தில் பழைய தமிழ்ப் பக்கங்களைப் படிப்பவர்கள் இந்த வௌ்ளியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். எல்லாரும் இதே குழியில் விழுந்திருக்கிறோம்.) ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமேதான் என்று ஒரு விதி சேர்த்தேன். பெரும்பாலும் சரியாயிற்று. பாட்டுகள் பேச்சு வழக்கில் இருந்ததால் ஒரு மிச்சம் நின்றது. "கெளம்பு" என்று பாடினால் அதில் ளகரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நிரல் அதைக் "கௌம்பு" ஆக்கிவிடும். கௌரியைக் கெடுக்காமல் கெளம்புவைக் காப்பாற்ற விதி ஏதும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு சொல் பட்டியல் போட்டு, கையால் திருத்தினேன்.

இதற்கிடையில் நான் முழு நேரமாகக் கெட்டுப்போயிருந்தேன். ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் என்று லினக்ஸ் வகைகளை மாதம் ஒன்று மாற்றுவேன். சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் பழைய ஹார்டு டிஸ்க் வாங்குவதே அதற்காகத்தான். 2012இல் ஊருக்கு வந்த ஒரு விடுமுறையில் ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸைப் போட முயன்றேன். அதில் எல்லா மென்பொருளையும் மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே தொகுக்க வேண்டும். சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்வெட்டு இருந்த வருடம் அது. உலாவியைத் தொகுக்க ஆரம்பித்து மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போகும். யுபிஎஸ் பத்து நிமிடம் கீ கீ என்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. மூன்று நாள் இப்படி. அம்மா அந்த யுபிஎஸ்ஸை டேபிள் ஃபேனுக்காவது கொடேன் என்றார். நியாயமான கோரிக்கை.

லேப்டாப்பில் விண்டோஸ் 7உம் லினக்ஸும் இரட்டையாக இருந்த காலத்தில் ஒரு வேடிக்கை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்குக் கடிகாரம் நாலரை காட்டும். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள ஐந்தரை மணி நேரம் அப்படியே விழும். காரணம் தெரியாமல் பல மாதம் பிரம்ம முகூர்த்தத்தில் வேலை பார்த்தேன். பிறகு டைம்டேட்சிடிஎல் என்ற ஒற்றைக் கட்டளையில் சரியாயிற்று.

இவ்வளவு மாற்றியும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதா? நான் அப்பாவின் வரிசையைக் கற்கவில்லை. 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 என் விரலில் ஏறியது. அதில் "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ. ம இரண்டாம் முறை விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானே வந்துவிடும். இந்தப் புள்ளிக்குப் பழகியவன் வேறு எதிலும் குடியிருக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழே ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்பில் போய் ஒரு பெட்டியை டிக் செய்து, நிறுவல் சிடியையும் போட வேண்டியிருந்தது. தட்டச்சுக்கு இ-கலப்பை, பின்னால் என்எச்எம் ரைட்டர். லினக்ஸில் முதலில் ஸ்கிம், அப்புறம் ஐபஸ், இப்போது ஃபிசிடிஎக்ஸ். அலுவலகத்தில் கொடுத்த மேக்கில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் தமிழ்99உம் பெட்டியிலேயே இருந்தன. ஐந்து நிமிடத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அதனாலேயோ என்னவோ அதில் எனக்கு ஒட்டுதல் வரவில்லை.

இப்போது சென்னை வீட்டில் என் மேஜையில் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு டெஸ்க்டாப், மூன்றாம் கை மாறி வந்த ஒரு திங்க்பேட் லேப்டாப், அலமாரி மேல் ரவுட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு குட்டிக் கணினி. பையின் ஒரே வேலை, அப்பாவின் கோப்புறையை இரவு இரண்டு மணிக்கு இரண்டு வட்டுகளில் பிரதி எடுப்பது. மூன்றாவது பிரதி தங்கை வீட்டில். டெபியனுக்கு வந்து ஆறு வருடமாகிறது. வேறெதுவும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வயசாகிறது என்று மனைவி சொல்கிறாள்.

தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவின் கணினியில் லினக்ஸ் மின்ட் போட உட்கார்ந்தேன். அதன் முதல் பதிப்பும் அந்த 2006இல்தான் வந்தது, இதை அவரிடம் சொல்லவில்லை. கேபினட்டைத் திறந்து பழைய வட்டின் ஒயரைப் பிடுங்கி வெளியே எடுத்து, புது எஸ்எஸ்டியை மாட்டினேன். பழையதைத் துண்டில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். நிறுவி முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். முழு வட்டையும் அழிக்கவா என்று கேட்டபோது அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இது எந்த வட்டுன்னு நல்லாத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப அமுக்கு."

இரண்டு குறை நின்றது. பழைய லேசர் பிரிண்டர் கடைசிவரை மசியவில்லை. அச்சடிக்க வேண்டியதைப் பென் டிரைவில் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். பஞ்சாங்க மென்பொருள் ஒன்று விண்டோஸுக்கு மட்டும். அதற்குச் சுவரில் நாள்காட்டி இருக்கிறது. தமிழுக்கு ஐபஸ்ஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினேன். பட்டியலில் தமிழ்99, பொனெடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் நடுவில் தட்டச்சுப் பொறி முறையும் இருந்தது. தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அப்பா உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், "யளனகப யளனகப" என்று ஒரு வரி அடித்தார். எழுபத்தாறு வயது விரல்கள். ஒரு பிழை இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டும்போது போன் வந்தது. பெயர் வைக்காத கோப்புகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம். பிரிண்டர் இல்லாதது ரொம்பக் கஷ்டம், அதை முதலில் பார் என்றார். சரிப்பா என்றேன். வைக்கப் போனவர், "அப்புறம் இன்னொண்ணு" என்றார்.

"என்னப்பா?"

"வெள்ளிக்கிழமைன்னு நாலு தடவை அடிச்சுப் பாத்துட்டேன். சரியாத்தான் வருது."